இடுப்பளவுத் தண்ணீர்

அன்புள்ள தம்பிக்கு,

ஜூலையில் மூன்று பேரும் வருகிறீர்கள் என்று டிக்கெட்டைப் படம் எடுத்து அனுப்பியிருந்தாய். கூடவே, "லிட்ச்ஃபீல்டுக்கு ஒரு நாள் போதுமா, குட்டியை எந்த அருவிக்குக் கூட்டிப் போகலாம், நீயே சொல்லம்மா" என்றும் கேட்டிருந்தாய். தொலைபேசியிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் போன வாரம் நீ சிரித்துக்கொண்டே சொன்ன ஒன்றுக்கும் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. அப்பா பக்கத்தில் உட்கார்ந்து தலையாட்டிக்கொண்டிருக்கும்போது அது என் வாயில் வராது. அதனால் கடிதம்.

முதலில் நீ கேட்டதைச் சொல்லிவிடுகிறேன். லிட்ச்ஃபீல்டு தேசியப் பூங்கா வட ஆஸ்திரேலியாவின் டார்வின் நகரத்திலிருந்து நூறு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல், ஒன்றரை மணி நேரக் கார்ப் பயணம்தான். ஒரு நாளில் போய்வரலாம். ஆனால் உன் அப்பாவைப்போலப் பட்டியல் போட்டுக்கொண்டு எல்லா அருவிக்கும் ஓடாதே. தண்ணீரில் ஆடிய குழந்தை காரில் ஏறினால் தூங்கிவிடும், எழுப்பினால் அழும். முதல்முறை போனபோது நான்கு இடத்தில் உன்னை எழுப்பினோம், நான்கு இடத்திலும் அழுதாய். குட்டிக்கு இரண்டு இடம் போதும்.

காலையிலேயே கிளம்பிவிட வேண்டும். ஜூலை இங்கே வறண்ட பருவத்தின் நடு மாதம். வானத்தில் ஒரு மேகம் இருக்காது, மொத்த ஊரும் அருவிக்குத்தான் வந்து நிற்கும். வெயில் ஏறிவிட்டால், நாம் குளிக்கப் போகும் பியூலி ஓடையில் கார் நிறுத்த இடம் தேடிச் சுற்றிச் சுற்றி வரவேண்டியதுதான்.

வழியில் கரையான் புற்றுகளிடம் மட்டும் நிறுத்து. நீ திசைகாட்டியை வைத்துக்கொண்டு நின்றது நினைவிருக்கிறதா? பட்டை பட்டையான புற்றுகள், ஆள் உயரத்துக்கு, ஒரு வெளி நிறைய, எல்லாம் ஒரே திசையைப் பார்த்தபடி. தூரத்திலிருந்து பார்த்தால் கல்லறைத் தோட்டம்தான். மெல்லிய விளிம்புகள் வடக்கும் தெற்குமாக, அகன்ற முகங்கள் கிழக்கும் மேற்குமாக இருக்கும். காலை வெயிலும் மாலை வெயிலும் அகன்ற பக்கத்தில் பட்டு உள்ளே கதகதப்பு ஏறும். உச்சி வெயிலுக்குக் கிடைப்பது கத்தி முனைபோன்ற விளிம்பு மட்டும். மழைக்காலத்தில் அந்த நிலம் முழுக்கத் தண்ணீர் நின்றுவிடுவதால் மண்ணுக்குள் இறங்கி ஒளிய அந்தக் கரையான்களுக்கு வழியில்லை. மேலேயே பிழைத்துக்கொள்ளத்தான் இந்த வேலைப்பாடு. நான் காரிலிருந்து இறங்கியதும் என்னை அறியாமல் கையெடுத்துக் கும்பிட்டேன். "அம்மா, இது கரையான்" என்று நீ அதட்டினாய். கரையான் புற்றெடுக்கப் பாம்பு குடிபுகுந்த கதை உனக்கு எங்கே தெரியும்?

குட்டிக்கு ஏற்ற இடம் பியூலி ராக்ஹோல். ஓடைத் தண்ணீர் பாறையைக் குடைந்து குடைந்து, படிக்கட்டுபோல ஒன்றன்கீழ் ஒன்றாகக் குழிகள் செய்து வைத்திருக்கிறது. ஒரு குழி நிரம்பி அடுத்ததற்கு வழிகிறது. சிலது முழங்கால் ஆழம், சிலதில் ஆள் முழுகிப் போகலாம். மேலே நின்று பார்த்தால் எல்லாம் ஒன்றுபோலத்தான் தெரியும். தெளிந்த தண்ணீர் ஆழத்தைக் குறைத்துக் காட்டும், தம்பி. இளவட்டங்கள் மேலிருந்து குதித்துக்கொண்டிருப்பார்கள். நீ குட்டிக்கு முன்னால் குதித்துக் காட்டாதே, அவளும் குதிப்பாள். பாறையில் பாசி வழுக்கும், பழைய செருப்பு ஒரு ஜோடி எடுத்து வா. நனைந்தால் போகட்டும்.

டோல்மர் அருவியை மேலிருந்து பார்க்கலாம், இறங்க அனுமதியில்லை. அங்குள்ள குகைகளில் அரிய வௌவால் இனங்கள் அடைகின்றன, அவற்றைக் கலைக்கக் கூடாது என்றுதான் தடை. பூங்காவுக்கு 1864-இல் ஒரு ஆய்வுக் குழுவோடு வந்துபோன ஃபிரெடெரிக் லிட்ச்ஃபீல்டின் பெயரை வைத்திருக்கிறார்கள். அதற்கு முன் ஆயிரமாயிரம் ஆண்டுகள் அங்கேயே வாழ்ந்த மாக் மாக் மரனுங்கு, வராய் போன்ற மக்களின் பெயர்கள் தகவல் பலகையில் இருக்கின்றன. குட்டிக்கு அந்தப் பலகையையும் படித்துக் காட்டு.

முதலையைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் மருமகள் என்னை மன்னிக்க மாட்டாள். இரண்டு வகை உண்டு. நன்னீர் முதலைக்கு மூக்கு குறுகலாக நீண்டிருக்கும், நாம் சீண்டாவிட்டால் அது பெரும்பாலும் ஒதுங்கிப் போய்விடும். உவர்நீர் முதலை வேறு ரகம். இங்குள்ளவர்கள் அதைச் செல்லமாகச் 'சால்ட்டி' என்பார்கள். அந்தச் செல்லத்தைக் கேட்டு ஏமாந்துவிடாதே. 1971-இல் இந்தப் பிரதேசத்தில் அதை வேட்டையாடத் தடை வந்தது, அன்றிலிருந்து பெருகியிருக்கிறது. மழைக்காலத்தில் ஆறுகள் ஊதி ஒன்றோடொன்று கலக்கும்போது அது எங்கு வேண்டுமானாலும் ஏறி வரும். அதனால்தான் அதே பூங்காவில் உள்ள 'வாங்கி' என்ற அருவியை மழைக்காலத்தில் மூடிவிடுகிறார்கள். மழை ஓய்ந்தபின் ரேஞ்சர்கள் இரவில் விளக்கடித்துத் தேடி, கூண்டு வைத்துப் பார்த்து, ஒன்றும் இல்லை என்று ஆன பிறகுதான் திறப்பார்கள். அப்படியிருந்தும் 2023 ஜூலையில் வாங்கியில் நீந்திக்கொண்டிருந்த ஒருவரை உவர்நீர் முதலை கடித்துவிட்டது. நல்லவேளை, பிழைத்துக்கொண்டார். அதற்காகப் பயந்து வராமல் இருந்துவிடாதே. கிளம்புகிற காலையில் எந்த மடு திறந்திருக்கிறது என்று பார்த்துவிட்டுக் கிளம்பு, பலகையில் போட்டிருப்பதைத் தாண்டாதே. அவ்வளவுதான்.

இனி ஃபுளோரன்ஸ்.

போன வாரம் உன் மனைவியிடம் சொல்லிச் சிரித்தாய் அல்லவா, "ஃபுளோரன்ஸ் அருவியில் அத்தனை பேர் முன்னால் அம்மா என்னை அறைந்தாள், கூப்பிட்டவுடன் வரவில்லையாம்" என்று. அவளும் சிரித்தாள். அப்பாகூடச் சிரித்தார். நானும் சேர்ந்து சிரித்துவைத்தேன். இருபத்தோரு வருடமாக அந்தக் கதை அப்படியேதான் நம் வீட்டில் சுற்றிவருகிறது.

கூடத்தில் ஒரு படம் மாட்டியிருக்கிறதே, ஃபுளோரன்ஸின் மேல்தளத்திலிருந்து அப்பா எடுத்தது. இரட்டை அருவி, கீழே கரும்பச்சை மடு, கரையோரம் இடுப்பளவுத் தண்ணீரில் நான், சுடிதாரோடு. "அம்மா தண்ணீரில் இறங்கிய ஒரே படம்" என்று வருகிறவர்களிடமெல்லாம் காட்டுவீர்கள். நான் ஏன் இறங்கினேன் என்று ஒருவரும் கேட்டதில்லை.

அப்பா படம் எடுக்க மேலே நின்றுவிட்டார். நீயும் நானும் அந்த நூற்றுச்சொச்சம் படிகளை இறங்கினோம். உனக்கு ஒன்பது வயது. பள்ளியில் நீச்சல் கற்றுத் தந்திருந்தார்கள், தவளைக்குஞ்சுபோலப் போனாய். நான் பாறையில் துண்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். உன் கறுப்புத் தலை அருவியை நோக்கிப் போனது. வெள்ளை நுரைக்குள் நுழைந்தது. பிறகு காணவில்லை.

எண்ண ஆரம்பித்தேன். பத்து, இருபது. எழுந்து கத்தினேன். அருவி இரைச்சலில் என் குரல் எனக்கே கேட்கவில்லை. முப்பதைத் தாண்டியதும் எண்ணிக்கை குழம்பிவிட்டது. தண்ணீருக்குள் நடந்தேன். கணுக்கால், முழங்கால், இடுப்பு. அடுத்த அடியில் தரை இல்லை. கால் துழாவியது, கிடைக்கவில்லை. நான் பின்னால் வந்துவிட்டேன், தம்பி. அதைத்தான் உன்னிடம் சொல்ல வேண்டும். உன்னைக் காணவில்லை, நான் ஓர் அடி பின்னால் வந்தேன். அந்த நொடியில்தான் அப்பா படம் எடுத்திருக்கிறார்.

நரைத்த தலையோடு ஓர் அம்மாள் நீந்திக்கொண்டிருந்தார். அவரைப் பார்த்துக் கையை ஆட்டி, அருவியைக் காட்டி, "சன், சன்" என்றேன். எனக்குத் தெரிந்த அத்தனை ஆங்கிலமும் அந்த ஒரு சொல்லாகச் சுருங்கிவிட்டது. வெயிலைச் சொல்கிறேன் என்று நினைத்தோ என்னவோ, அவர் வானத்தைப் பார்த்துவிட்டுச் சிரித்தார். பிறகு என் முகத்தைப் பார்த்ததும் திரும்பி அருவிக்குள் போனார். போன வேகத்தில் உன்னையும் கூட்டிக்கொண்டு வந்தார். அருவிக்குப் பின்னால் பாறையில் ஒரு திட்டு இருக்கிறதாம், அதில் ஏறி உட்கார்ந்து உள்ளேயிருந்து தண்ணீர் விழுவதைப் பார்த்துக்கொண்டிருந்தாயாம். "அம்மா, உள்ளே ஓர் அறை இருக்கிறது!" என்று கத்திக்கொண்டே வந்தாய். அடித்தேன். ஒன்று அல்ல, இரண்டு. இரண்டாவதை நீ மறந்துவிட்டாய்.

எனக்கு நீச்சல் தெரியாது என்பது உனக்குத் தெரியாது. தண்ணீரில் இறங்கினால் சளி பிடிக்கும் என்று சொல்லிவைத்திருந்தேன். பியூலியிலும் சளி, வாங்கியிலும் சளி, பக்கத்து வீட்டு நீச்சல் குளத்திலும் சளி. நீங்கள் அதை நம்பி எனக்குத் தைலம் வாங்கித் தந்தீர்கள்! எங்கள் ஊரில் அருவி என்றால் தலையைக் கொடுத்து நிற்கிற இடம், நீந்துகிற இடமல்ல. நீந்துவதற்குக் கிணறு இருந்தது. என் அண்ணன்கள் முதுகில் சுரைக்குடுக்கையைக் கட்டிக்கொண்டு அதில் குதித்துக் கற்றார்கள். நான் மேலே அவர்களுடைய சட்டைக்குக் காவல். அந்தக் காவலையே கப்பலேற்றி இந்த நாட்டுக்கும் கொண்டுவந்துவிட்டேன்.

இப்போது செய்தி. இரண்டு வருடமாக நகராட்சிக் குளத்தில் நீச்சல் வகுப்புக்குப் போகிறேன். அப்பாவுக்கு மட்டும் தெரியும், கொண்டுபோய் விட்டுவிட்டு வெளியே பேப்பர் படித்துக்கொண்டிருப்பார். முதல் மூன்று வாரம் ஒரே பாடம்தான். சுவரைப் பிடித்துக்கொண்டு முகத்தைத் தண்ணீருக்குள் வைத்து மூச்சை விட வேண்டும். எளிது என்று நினைப்பாய். மூக்கு வரை போவேன், கழுத்து தானாக நிமிர்ந்துவிடும். பிறகு மல்லாந்து மிதக்கச் சொன்னார்கள். காது தண்ணீருக்குள் போனதும் வெளிச் சத்தம் எல்லாம் நின்று, என் மூச்சு மட்டும் யாரோ பக்கத்து அறையில் விடுவதுபோலக் கேட்டது. சுவரைப் பிடித்த கையை அன்றைக்குத்தான் விட்டேன். இப்போது ஐம்பது மீட்டர்க் குளத்தில் பாதி போவேன், நடுவில் ஒருமுறை மிதந்து இளைப்பாறிக்கொண்டு. வகுப்பில் சொல்லித்தான் இன்னொன்றும் தெரிந்தது. அருவி விழும் இடத்தில் தண்ணீர் முழுக்கக் காற்றுக் குமிழி கலந்திருக்கும், அதில் உடம்பு சரியாக மிதக்காது. அன்றைக்கு நான் நுரைக்குள் பாய்ந்திருந்தால் அந்த அம்மாளுக்கு இரட்டை வேலை ஆகியிருக்கும்.

மே மாதம் அப்பாவோடு ஃபுளோரன்ஸுக்குப் போனேன். வார நாள், காலை எட்டு மணி, எங்களைத் தவிர நான்கு பேர். இறங்கியதும் குளிர் முழங்காலைக் கவ்வியது. மழைநாளில் மேட்டுப் பாறை குடித்த தண்ணீர்தானாம், வறண்ட பருவமெல்லாம் ஊற்றாகக் கசிந்து அருவியாக விழுகிறது. கறுத்த மீன்கள் வந்து காலை முட்டிப் பார்த்துவிட்டுப் போயின. இடுப்பளவு வந்ததும் அந்த இடத்தை என் கால் கண்டுகொண்டது. தரை முடிகிற இடம். அதைத் தாண்டி நீந்தினேன். அருவிப் பக்கம் போகவில்லை, இடப்பக்கமாகக் கரையை ஒட்டியே போனேன். ஏழெட்டுக் கை வீசியிருப்பேன். அங்கிருந்து பார்த்தால் தண்ணீர்த் திரைக்குப் பின்னால் இருக்கும் பாறைத் திட்டு நன்றாகத் தெரிகிறது. ஒரு சின்னப் பையன் உட்காருகிற அளவு.

அப்பா மேலிருந்து படம் எடுக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். கரையில் துண்டோடு உட்கார்ந்திருந்தார்.

ஜூலையில் குட்டியைப் பியூலியில் ஆடவிட்டபின், களைக்காமல் இருந்தால் ஃபுளோரன்ஸுக்கும் கூட்டிப்போவோம். ஓடையோரமாக நடந்தே போகப் பாதை இருக்கிறது. படி ஏறும்போது அவளை நீதான் தூக்க வேண்டும், என் முட்டி ஒத்துழைக்காது. தண்ணீரில் அவளோடு நான் இறங்குகிறேன், நீ ஒரு பக்கம் வா. அவளுக்கு லைஃப் ஜாக்கெட் ஒன்று இங்கேயே வாங்கி வைத்துவிடுகிறேன். கடையில் கேட்டால், வயதைச் சொன்னால் போதாது, எடையைப் பார்த்துத்தான் தர முடியும் என்கிறார்கள். குட்டி இப்போது எத்தனை கிலோ இருக்கிறாள் என்று எழுது. போன மாதம் பார்த்த எடை வேண்டாம், மறுபடி நிறுத்துப் பார்த்து எழுது.

அன்புடன்,
அம்மா