தண்ணீரில் வேர்விட்ட தண்டுகள்: ஞாயிறு பகிர்வுக்கு

மாடித்தோட்ட நண்பர்களுக்கு வணக்கம். வரும் ஞாயிறு செடிப் பகிர்வுக்குப் பலர் விதை கொண்டு வருவதாகச் சொல்லியிருக்கிறீர்கள். இந்த முறை தண்டுகளும் வரட்டும். புதினா, துளசி, ஓமவல்லி, மணி பிளான்ட் எல்லாம் தண்ணீரிலேயே வேர்விடும்.

பூக்காத இளந்தண்டாக, கணுவுக்குச் சற்றுக் கீழே வெட்டுங்கள். வேர் பெரும்பாலும் கணுவில்தான் கிளம்பும். அதனால் தண்டைத் தண்ணீர் பாட்டிலில் வைக்கும்போது ஒரு கணுவாவது தண்ணீருக்குள் இருக்க வேண்டும். முங்கும் இலைகளைக் கிள்ளிவிடுங்கள், அழுகினால் தண்டும் போய்விடும். நேர் வெயில் வேண்டாம், வெளிச்சம் போதும். புதினா ஒரு வாரத்திலேயே வெள்ளை வேர் காட்டும். துளசிக்குக் கொஞ்சம் பொறுமை வேண்டும்.

முக்கியமாக ஒன்று: தண்ணீரை 2, 3 நாளுக்கொருமுறை மாற்றுங்கள், பாட்டிலின் உட்புறத்தையும் தேய்த்துக் கழுவுங்கள். டெங்கு கொசு முட்டையிடுவது இப்படித் தேங்கிய நல்ல தண்ணீரில்தான். பாட்டில் வாயில் பஞ்சு அடைத்தால் இன்னும் நல்லது.

கறிவேப்பிலைக் குச்சியைத் தண்ணீரில் போட்டுவிட்டுக் காத்திருக்காதீர்கள், வீண். மரத்தடியில் வேரிலிருந்து முளைக்கும் பக்கக்கன்று இருந்தால் அதைப் பெயர்த்துக் கொடுங்கள்.

வேர் ஓர் அங்குலம் வந்தாலே கொண்டு வரலாம். ரொம்ப நீண்டால் மண்ணில் பிடிக்கத் தடுமாறும். வேரை ஈரச் செய்தித்தாளில் சுற்றி, செடியின் பெயரை எழுதி ஒட்டுங்கள். மாவுப்பூச்சி இருக்கும் செடியிலிருந்து தயவுசெய்து வெட்ட வேண்டாம். வாங்கிப்போகிறவர்கள் முதல் வாரம் நிழலில் வைத்து, மண் காயாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

யார் என்ன கொண்டு வருகிறீர்கள் என்று வெள்ளிக்குள் இங்கேயே போடுங்கள். எல்லோரும் மணி பிளான்ட்டோடு வந்து நிற்க வேண்டாம் பாருங்கள்!