சுவரில் மாட்டும் கருவிகளின் சாவியை நாளை மாற்ற முடியுமா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

குவாண்டம் கணினி வந்துவிட்டால் வங்கிக் கணக்கு என்னவாகும், கைப்பேசிச் செய்திகள் என்னவாகும் என்று பலரும் கேட்கிறார்கள். அவற்றைவிட எனக்கு அதிகக் கவலை தருபவை, ஒருமுறை சுவரில் மாட்டிய பிறகு எவரும் திரும்பிப் பாராத கருவிகள்தாம். அடுக்குமாடி வாசலின் சிசிடிவி, நுழைவு அட்டையைப் படிக்கும் பெட்டி, ஸ்மார்ட் மீட்டர், மொட்டை மாடித் தொட்டியின் நீர்மட்டத்தை இணையம் வழி அனுப்பும் உணரி ஆகியவற்றைச் சொல்கிறேன். வங்கிகளிடம் பணமும் ஆளும் உண்டு. காலம் வரும்போது தங்கள் மென்பொருளை மாற்றிக்கொள்வார்கள். சுவரில் இருப்பவற்றுக்கு அப்படி ஒருவர் பொறுப்பேற்பதில்லை.

இக்கருவிகள், தங்களுக்கு வரும் புதிய மென்பொருள் உற்பத்தியாளரிடமிருந்துதான் வருகிறதா என்பதை ஒரு மின்கையொப்பத்தைக் கொண்டு சரிபார்க்கின்றன. உற்பத்தியாளர் தம்மிடம் மட்டும் உள்ள இரகசியச் சாவி என்ற எண்ணால் கையொப்பமிடுவார்; கருவி அதற்கு இணையான பொதுச் சாவியால் அதைச் சரிபார்க்கும். அக்கையொப்பம் பெரும்பாலும் ஆர்எஸ்ஏ அல்லது நீள்வட்ட வளைவு முறையில் அமைந்திருக்கும். போதிய வலிமையுள்ள குவாண்டம் கணினி ஒன்று கைக்கு வந்தால் இவ்விரண்டின் அடித்தளமான கணக்குகளையும் அவிழ்த்துவிடலாம் என்பதைப் பீட்டர் ஷோர் 1994இலேயே நிறுவிவிட்டார். அந்நிலையில், எல்லாரிடமும் இருக்கும் பொதுச் சாவியை வைத்தே உற்பத்தியாளரின் இரகசியச் சாவியைக் கணக்கிட்டு எடுத்து, கெட்ட நோக்கமுள்ள மென்பொருளில் கையொப்பமிட்டு அனுப்பினால், கருவி அதை மறுபேச்சின்றி ஏற்றுக்கொள்ளும். ஒரே சாவி ஒரு மாதிரி வகை முழுவதற்கும் பயன்படுவது வழக்கம் என்பதால், உடைவது ஒரு வீட்டுக் கேமராவோடு நிற்காது.

பினாங்கின் பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையில் சில்லுகளோடு நெடுங்காலம் புழங்கியவன் என்ற முறையில் ஒன்றைச் சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறேன். மேற்சொன்ன பொதுச் சாவியின் சுருக்கத்தை, அதாவது ஹாஷ் எனப்படும் விரல்ரேகை போன்ற எண்ணை, உற்பத்தியின்போது சில்லுக்குள் இருக்கும் மிக நுண்ணிய ஃபியூஸ்களில் எரித்துப் பதித்துவிடுவார்கள். எரித்த ஃபியூஸைத் திரும்ப ஒட்ட முடியாது. திருடனால் மாற்ற முடியாது என்பதே அதன் பாதுகாப்பு. அதே காரணத்தால் உற்பத்தியாளரே விரும்பினாலும் மாற்ற முடியாது. நல்ல சில்லுகளில் இரண்டு மூன்று சாவிகளுக்கு இடம் விட்டு, பழையதை இரத்துச் செய்யும் வழியும் வைத்திருப்பார்கள். ஆனால் சாவிக்கு இடம் இருந்தால் மட்டும் போதாது. மின்சாரம் வந்தவுடன் முதலில் ஓடும் நிரல் சிலிக்கானிலேயே செதுக்கப்பட்டிருக்கும். அந்த நிரலுக்குப் பழைய கையொப்ப முறை ஒன்று மட்டுமே தெரியும் என்றால், எத்தனை புதுச் சாவி கொடுத்தும் பயனில்லை.

மாற்று முறைகள் இல்லாமல் இல்லை. நிஸ்ட் எனப்படும் அமெரிக்கத் தர நிர்ணயக் கழகம் 2024 ஆகஸ்டு மாதத்தில் குவாண்டம் தாக்குதலைத் தாங்கும் மூன்று தரங்களை வெளியிட்டது. அவற்றுள் இரண்டு கையொப்பத்துக்கானவை. சிக்கல் அளவில் இருக்கிறது. இன்று பரவலாகப் புழங்கும் நீள்வட்ட வளைவுக் கையொப்பம் 64 பைட்டுதான். அந்தப் புதிய தரங்களுள் ஒன்றான எம்எல்-டிஎஸ்ஏ முறையின் மிகச் சிறிய வடிவமே 2,420 பைட்டு. குறைந்த மின்சாரத்தில் நெடுந்தூரம் சிறு செய்திகளை அனுப்பும் லோரா வகை ரேடியோவில் ஒரு செய்தி 255 பைட்டைத் தாண்டாது என்பதால், கையொப்பத்தை மட்டும் அனுப்பவே குறைந்தது பத்துச் செய்திகள் தேவைப்படும். பேட்டரியில் பல ஆண்டுகள் ஓட வேண்டிய உணரிக்கு இது சின்னச் செலவன்று.

மென்பொருள் கையொப்பத்துக்கென்றே, ஹாஷ் கணக்கை மட்டும் நம்பியிருக்கும் எல்எம்எஸ், எக்ஸ்எம்எஸ்எஸ் என்ற முறைகளை நிஸ்ட் 2020இலேயே ஏற்றுக்கொண்டது. கருவியின் பக்கம் இவற்றைச் சரிபார்ப்பது எளிது. ஆனால் கையொப்பமிடும் தொழிற்சாலையில், பயன்படுத்திய ஒற்றைப் பயன் சாவியை மறுமுறை தொடவே கூடாது. பழைய பேக்கப்பிலிருந்து கணினியை மீட்டெடுக்கும்போது, எந்தெந்தச் சாவிகள் பயன்பட்டுவிட்டன என்ற பதிவும் பின்னோக்கிப் போய்விட்டால் முழுப் பாதுகாப்பும் குலைந்துவிடும். அமெரிக்கத் தேசியப் பாதுகாப்பு முகமை 2022இல் வெளியிட்ட கால அட்டவணையில், உடனே மாறத் தொடங்க வேண்டியவை மென்பொருள் கையொப்பங்கள்தாம் என்று சொன்னதற்கு, களத்தில் பதியும் கருவிகளின் நீண்ட ஆயுள் ஒரு முக்கியக் காரணம்.

எப்போது வரும் என்று கேட்பவர்களுக்கு ஆண்டைச் சொல்ல முடியாது. நகரும் திசையைச் சொல்லலாம். 2,048 பிட் ஆர்எஸ்ஏவை உடைக்க சுமார் 2 கோடி கியூபிட் (குவாண்டம் கணினியின் அடிப்படைத் தகவல் அலகு) தேவை என்று 2019இல் மதிப்பிட்ட ஆய்வாளர்களுள் ஒருவரான கிரெய்க் கிட்னி, 2025இல் 10 இலட்சத்துக்கும் குறைவானவை போதும் என்று கணக்கிட்டார். இயந்திரங்கள் அந்த அளவை இன்னும் நெருங்கவில்லை. ஆயினும் இன்று பொருத்தும் மீட்டரோ மின்தூக்கிக் கட்டுப்பாட்டுப் பெட்டியோ பத்து, பதினைந்து ஆண்டுகள் அங்கேயேதான் இருக்கப்போகிறது.

முதலில் அட்மின், 1234 போன்ற கடவுச்சொற்களை மாற்றுங்கள், குவாண்டம் பிறகு பார்க்கலாம் என்று சிலர் சொல்வார்கள். 2016இல் மிராய் என்ற தீநிரல், தொழிற்சாலையில் வைத்த 60 சொச்சம் பெயர்-கடவுச்சொல் சோடிகளை மட்டும் முயன்றே இலட்சக்கணக்கான கருவிகளைப் பிடித்துக்கொண்டதை எண்ணினால் அவர்கள் சொல்வது சரிதான். ஆனால் கடவுச்சொல்லை நாளைக்கும் மாற்றலாம். எரித்த ஃபியூஸை மாற்ற முடியாது.

2024 ஆகஸ்டு 26 முதல் நடப்பில் உள்ள நம் மலேசிய இணையப் பாதுகாப்புச் சட்டம், எரிசக்தி, நீர் உள்ளிட்ட 11 துறைகளின் முக்கியக் கட்டமைப்பு உரிமையாளர்கள் ஆண்டுக்கொரு முறை இடர் மதிப்பீடும் ஈராண்டுக்கொரு முறை தணிக்கையும் செய்ய வேண்டும் என்கிறது. அந்த மதிப்பீட்டில், களத்தில் உள்ள கருவிகளின் கையொப்ப முறையும் அதை மாற்றும் வழியும் கேட்கப்பட வேண்டும் என்பது என் முதல் கோரிக்கை. நம் வீடு, கோயில், தமிழ்ப்பள்ளிச் சுவர்களில் உள்ளவை அந்தச் சட்டத்தின் நேரடி எல்லைக்குள் வரமாட்டா. பிரிட்டனில் 2024 ஏப்ரல் முதல், பொதுவான கடவுச்சொல்லோடு கருவி விற்கக் கூடாது, எத்தனை காலம் பாதுகாப்புப் புதுப்பிப்பு வரும் என்பதையும் அறிவிக்க வேண்டும். சிங்கப்பூரில் 2020 முதல் பாதுகாப்பு முத்திரைத் திட்டம் உண்டு. தொடர்புக் கருவிகளுக்கு ஏற்கெனவே சான்றளித்துவரும் நம் தொடர்பு, பல்லூடக ஆணையம் அத்தகைய அறிவிப்பையும் அதோடு சேர்த்துக் கேட்பது பெரிய காரியமன்று.

எங்கள் அடுக்குமாடி நிர்வாகக் குழு புதிய கேமராக்களுக்கு விலைப்புள்ளி கேட்டபோது வந்த ஒரு தாளில் “வங்கித் தரக் குறியாக்கம்” என்று தடித்த எழுத்தில் இருந்தது. புதுப்பிப்பு எத்தனை ஆண்டு வரும், கையொப்ப முறையை மாற்ற முடியுமா என்று கேட்டேன்; விற்பனையாளர் தலைமையகத்தைக் கேட்டுச் சொல்வதாகச் சொன்னார், இன்றுவரை பதில் இல்லை. அவ்விரு கேள்விகளுக்கும் எழுத்துமூலம் பதில் தராதவரின் விலைப்புள்ளியைப் பரிசீலிப்பதில்லை என்று குழு இப்போது முடிவெடுத்திருக்கிறது. பினாங்கு மாநில அரசும் நகராண்மைக் கழகங்களும் தங்கள் குத்தகை விண்ணப்பங்களில் இதே நிபந்தனையைச் சேர்த்தால், எங்களைப் போன்ற சிறு குழுவுக்குப் பதில் சொல்லாத விற்பனையாளர்களும் பதில் தேட வேண்டிவரும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற மின்னணுத் துறைப் பொறியாளர்,
பாயான் பாரு, பினாங்கு.