சுவரில் அப்பா போட்ட பென்சில் கோடு

வண்டிப்பெரியாறு

அன்புள்ள மலருக்கு,

நீ அனுப்பிய இன்சூரன்ஸ் காகிதங்களை அப்பாவும் நானும் இரண்டு நாளாகப் படித்தோம். "கலிபோர்னியாவில் பெரும்பாலோர் நிலநடுக்கக் காப்பீடு எடுப்பதே இல்லை, நாங்கள் மட்டும் எதற்கு அம்மா?" என்று கேட்டாய். போனில் பேசித் தீரும் விஷயம் இல்லை என்பதால் எழுதுகிறேன்.

2000 டிசம்பர் 12 உனக்கு நினைவிருக்கிறதா? மூன்றாம் வகுப்பு படித்தாய். காலை ஏழு மணிக்குச் சற்று முன், தலை பின்னுவதற்காக என் முன்னால் உட்கார்ந்திருந்தாய். லாரி ஏறி வருவது போல ஓர் இரைச்சல். பலகையில் அடுக்கியிருந்த எவர்சில்வர் தட்டுகள் ஒன்றோடொன்று உரசிக் கிணுகிணுத்தன. பாதிப் பின்னலோடு உன்னை இழுத்துக்கொண்டு முற்றத்துக்கு ஓடினேன். தெருவே வெளியில் நின்றது. யாரும் தங்கள் வீட்டைத் திரும்பிப் பார்க்கவில்லை, ஆற்றைத்தான் பார்த்தார்கள். மேலே 1895-இல் கட்டி முடித்த முல்லைப் பெரியாறு அணை, கீழே நாம்.

அது ரிக்டர் அளவில் 5 தான். நடு அறை ஜன்னல் மூலையிலிருந்து உத்தரம் வரை சுவர் வெடித்திருந்தது. அப்பா வெடிப்பின் இரு முனையிலும் பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதினார். 2001 ஜனவரி 7-இல் மறுபடி ஆடியபோது வெடிப்பு கோட்டைத் தாண்டி இரண்டு விரற்கடை போயிருந்தது. அடுத்த பத்தொன்பதாம் நாள் குஜராத்தில் நிலநடுக்கத்தால் பூஜ் நகரம் இடிந்த செய்தி வந்தது. அதன்பிறகு பல நாள் நான் சரியாகத் தூங்கவில்லை.

வீட்டுக்கடனோடு எடுத்த பாலிசி இருக்கிறதே என்று போய்க் கேட்டோம். "தீ உண்டு, இடி உண்டு, வெள்ளம் உண்டு. நிலநடுக்கத்துக்குத் தனியாகக் கட்டியிருக்க வேண்டும்" என்று சொல்லிவிட்டார்கள். கடன் வாங்கிய அன்று அதை யாரும் எங்களிடம் சொல்லவில்லை. சீட்டு எடுத்து வைத்திருந்த 42,000 ரூபாய் சுவருக்குப் போனது.

இப்போது இங்கே நிலைமை மாறிவிட்டது. 2021 ஏப்ரலில் வந்த பாரத் கிருஹ ரக்ஷா பாலிசியில் நிலநடுக்கம், வெள்ளம், நிலச்சரிவு எல்லாம் உள்ளடக்கம். அதற்கு முந்திய ஆகஸ்டில்தான் மூணாறு பக்கம் பெட்டிமுடியில் நிலச்சரிவு வந்து தோட்டக் குடியிருப்பு லயங்கள் மண்ணுக்குள் போயின. எழுபது பேர், பெரும்பாலும் நம் தமிழ்த் தோட்டத் தொழிலாளர்கள். அதனால் இந்தப் பாலிசி வந்ததும் அப்பா தயங்காமல் எடுத்துவிட்டார்.

உன் ஊரிலோ அன்று எங்களுக்கு இருந்த நிலைதான் இன்றும் இருக்கிறது. சாதாரண வீட்டு பாலிசி, நிலநடுக்கத்தால் மூளும் தீக்குத் தரும், இடிந்த சுவருக்குத் தராது. அதற்குத் தனி பாலிசி வேண்டும். அதிலும் டிடக்டிபிள் என்று ஒன்று, சேதத்தில் முதலில் நீங்களே ஏற்க வேண்டிய பங்கு, காப்பீட்டுத் தொகையில் 5 முதல் 25 சதவீதம் வரை. அதைத்தான் அப்பா திரும்பத் திரும்பக் கணக்குப் போட்டார். ஐந்து லட்சம் டாலருக்கு எடுத்து 15 சதவீதம் வைத்தால், முதல் 75,000 உங்கள் கைப்பணம். சேதம் நாற்பதாயிரம் என்றால் கட்டடத்துக்கு ஒரு காசும் வராது. இரண்டு லட்சம் என்றால் ஒன்றேகால் லட்சம் வரும். ஆகவே என் வீட்டு வெடிப்பு போன்றதற்கு அந்தக் காகிதம் உதவாது. வீடே போனால் உதவும்.

"போனால் கடனோடு வங்கியிடம் விட்டுவிட்டுப் போகலாம்" என்று மாப்பிள்ளையின் நண்பர் சொன்னாராம். எனக்கு அது ஒப்பவில்லை. நீங்கள் இரண்டு பேரும் பத்து வருஷம் சேர்த்த முன்பணம் அந்தச் சுவருக்குள் இருக்கிறது. வங்கிக்குக் கொடுத்துவிட்டு வெறுங்கையோடு நடப்பதற்கா அத்தனை வருஷம் வாயைக் கட்டினீர்கள்?

எடு, மலர். சின்னச் சேதத்தை நீங்கள் தாங்கிக்கொள்வீர்கள், அதனால் டிடக்டிபிள் பெரிதாகவே இருக்கட்டும், பிரீமியம் குறையும். தொகையை வீட்டின் சந்தை விலைக்கு வைக்காதே. திரும்பக் கட்ட ஆகும் செலவுக்கு வை, மனை எங்கும் போகாது. வெளியே தங்கும் செலவுக்கான பகுதியையும் சேர்த்துக்கொள். அதற்கு டிடக்டிபிள் கிடையாது என்று உன் காகிதத்திலேயே இருக்கிறது, குழந்தையை வைத்துக்கொண்டு எங்கே போவாய்?

ஆனால் அதற்கும் முன்னால் ஒரு வேலை. உன்னுடையது 1950களில் கட்டிய மரச்சட்ட வீடு. அப்படிப்பட்ட வீடுகள் ஆடும்போது அஸ்திவாரத்தைவிட்டு நழுவிவிடுமாம். சட்டத்தை அஸ்திவாரத்தோடு போல்ட் போட்டு முடுக்கி, தரைக்கடியில் உள்ள குட்டைச் சுவருக்குப் பலகை அடித்தால் நிற்கும். அந்த வேலைக்கு அரசு மானியத் திட்டம் இருக்கிறது, முடித்தால் பிரீமியத்திலும் தள்ளுபடி உண்டு. விண்ணப்பித்துப் பார். பணம் ஒன்றுக்குத்தான் கையில் இருக்கிறது என்றால் முதலில் போல்ட். வீடு நின்றால் உள்ளே இருக்கிற நீங்களும் இருப்பீர்கள்.

வெந்நீர்த் தொட்டியைச் சுவரோடு பட்டை போட்டுக் கட்டியிருக்கிறதா என்று இன்றே பார்த்துச் சொல். ஒவ்வொரு அறையையும் படம் எடுத்து எங்களுக்கும் ஒரு பிரதி அனுப்பு. சுவரில் இப்போதே வெடிப்பு இருந்தால் அதையும் எடுத்து அனுப்பச் சொன்னார் அப்பா, பக்கத்தில் ஒரு ஸ்கேலை வைத்து.

அன்புடன்,
அம்மா