காரோ மலைக் கிராமத்துக் குடிநீர்த் திருப்பணி: நிறைவு அறிக்கை

அன்புள்ள உறுப்பினர்களுக்கு வணக்கம்.

இந்தோனேசியாவின் வட சுமத்ராவில், காரோ இனத்தவர் வாழும் மலைக் கிராமம் ஒன்றுக்காகப் பொதுக்குழுவில் நீங்கள் ஒப்புதல் கொடுத்த குடிநீர்த் திருப்பணி நல்லபடியாக முடிந்து, ஊர்த் தொட்டியில் தண்ணீர் விழுகிறது. வரவு செலவுக் கணக்கு தணிக்கையாளர் கையெழுத்தோடு தனியாக வரும். ரசீதுகள் எல்லாம் பொருளாளரிடம் உள்ளன, யார் வேண்டுமானாலும் கேட்டுப் பார்க்கலாம். பணம் கொடுத்தவர்களில் பெரும்பாலோர் அந்த ஊர்ப் பக்கமே போனதில்லை. “கோயில் மதிலுக்கு வண்ணம் அடிக்கவே காசு இல்லை, மலையில் யாருக்கோ எதற்குக் குழாய்?” என்று கூட்டத்திலேயே சிலர் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். அதற்குக் கூட்டத்தில் சரியாகப் பதில் சொல்ல நேரம் போதவில்லை என்பதால் இங்கே கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறோம்.

மேடானிலிருந்து சிபோலாங்கித் வழியாக மலை ஏறினால் பெராஸ்தாகி, அதைத் தாண்டினால் மாவட்டத் தலைநகர் கபன்ஜாஹே. அங்கிருந்து சிப்பிசோ-பிசோ அருவிக்குப் போகிற சாலையில் மெரேக் பக்கமாகத் திரும்பி, ஒரு கிளைச் சாலையில் இறங்கினால் அந்த ஊர். கடல் மட்டத்துக்கு மேலே ஆயிரத்து முந்நூறு மீட்டர் வாக்கில் இருக்கிறது. பகலில் வெயில் சுள்ளென்று அடிக்கும், இரவில் இரண்டு போர்வை வேண்டும். ஒரே தெரு, ஒரு தேவாலயம், ஒரு தொடக்கப்பள்ளி, சுவர் இல்லாத பெரிய கூரைக் கொட்டகையாக ஒரு ‘ஜம்பூர்’. கல்யாணம், சாவு, பஞ்சாயத்து எல்லாம் ஜம்பூரில்தான். அப்புறம் மூன்று ‘கெடே கோப்பி’. இது நம் ஊர் டீக்கடை மாதிரிதான், ஒரு வித்தியாசம், இங்கே ஆண்கள் அரசியலோடு சதுரங்கமும் ஆடுவார்கள். காரோக்காரர்களின் சதுரங்கத் திறமை டச்சுக்காரர் காலத்திலேயே பெயர் பெற்றது. நம் குழுவில் ஒருவர் ‘நானும் கொஞ்சம் ஆடுவேன்’ என்று உட்கார்ந்து, தோட்டத்து மண் காயாத காலோடு வந்த ஒரு பெரியவரிடம் பத்து நிமிடத்தில் தோற்று எழுந்தார்.

எல்லோரும் விவசாயிகள். மானாவாரித் தோட்டத்தை ‘ஜூமா’ என்பார்கள். ஒரு காலத்தில் ஆரஞ்சுதான் இங்கே பெரிய பணப்பயிர், மேடான் சந்தையில் காரோ ஆரஞ்சு என்றால் தனி மதிப்பு. பழ ஈ வந்து அதைக் கெடுத்தது. காய்க்குள் புழு வைத்து, பழுக்கும் முன்னே உதிர்ந்துவிடும். மருந்து அடித்து அடித்துக் கட்டுப்படியாகாமல் பலர் மரத்தை வெட்டி அராபிகா காப்பி வைத்துவிட்டார்கள். இப்போது சாலையோரம் தார்ப்பாயில் காப்பிக்கொட்டை காய்கிறது. மற்றபடி முட்டைக்கோசு, உருளைக்கிழங்கு, தக்காளி, மிளகாய், மக்காச்சோளம். சாயங்காலம் மூட்டை கட்டி லாரியில் ஏற்றினால் விடியற்காலை மேடானில் இருக்கும். நம் வீட்டுக் குழம்பில் விழுகிற தக்காளி பெரும்பாலும் இந்த மலையிலிருந்து வருவதுதான். விலை சரிந்தால் பறிக்கிற கூலிகூட மிஞ்சாது என்று செடியிலேயே விட்டுவிடுவார்கள். அப்படி விட்ட வயல் ஒன்றை நாங்கள் பார்த்தோம்.

போதாக்குறைக்குச் சினாபுங். நானூறு ஆண்டுகளாகத் தூங்கிய எரிமலை 2010 ஆகஸ்டில் விழித்தது. 2013இலிருந்து ஆண்டுக்கணக்கில் விடாமல் கக்கியது. 2014 பிப்ரவரியிலும் 2016 மேயிலும் உயிர்ப்பலி வாங்கியது. அடிவாரத்து ஊர்களான பெகேரா, சிமாசெம், சுகாமெரியா மூன்றும் காலி செய்யப்பட்டு, மக்கள் இந்த மெரேக் பக்கத்துச் சியோசாரில் குடியமர்த்தப்பட்டார்கள். நாம் வேலை செய்த ஊர் தொலைவில் இருப்பதால் உயிருக்கு ஆபத்தில்லை. ஆனால் காற்று திரும்பினால் இலை மேல் சாம்பல் படியும், திறந்த தொட்டித் தண்ணீரிலும் படியும். மூடிய தொட்டிதான் வேண்டும் என்று ஊர்ப் பெண்கள் பிடிவாதமாக நின்றதற்குக் காரணம் இதுதான்.

மழை நன்றாகப் பெய்கிற ஊரில் தண்ணீருக்கு என்ன பஞ்சம் என்று தோன்றும். சுமார் 74,000 ஆண்டுகளுக்கு முன் தோபா எரிமலை வெடித்துக் கொட்டிய சாம்பல் படிவத்தின் மேல்தான் இந்தப் பீடபூமி உட்கார்ந்திருக்கிறது. பெய்கிற நீர் நிற்காமல் கீழே இறங்கிவிடும். ஓடைகளோ மண்ணைச் செங்குத்தாக அறுத்துக்கொண்டு பள்ளத்தில் ஓடுகின்றன. ஊர் மேட்டில், ஊற்று பள்ளத்தில். காலங்காலமாகப் பெண்கள் ‘தப்பின்’ என்கிற குளிதுறைக்கு இறங்கி, துவைத்துக் குளித்து, ஈரத் துணியையும் தண்ணீரையும் தலையில் வைத்துக்கொண்டு ஏறினார்கள். பாட்டிமார் காலத்தில் மூங்கில் குழாயில், இப்போது பிளாஸ்டிக் கேனில். கேன் வந்ததில் ஏற்றம் ஒன்றும் குறையவில்லை. மழை நாளில் அந்தப் படியில் ஏறிப் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

சரி, இதில் நமக்கென்ன?

காரோ மக்கள் ஐந்து குலங்களாக இருக்கிறார்கள்: காரோ-காரோ, கிந்திங், தாரிகான், செம்பிரிங், பெராங்கின்-ஆங்கின். செம்பிரிங் குலத்தின் உட்பிரிவுகளில் சோலியா, பாண்டியா, மெலியாலா, பெலாவி, பிரமணா என்ற பெயர்கள் வரும். கேட்டதும் நமக்குக் காது நிமிரும். சோழிய, பாண்டிய, மலையாள, பல்லவத் தொடர்பு என்று ஆய்வாளர்கள் பலர் எழுதியிருக்கிறார்கள். சுமத்ராவின் மேற்குக் கரையில் பாருஸ் அருகே லோபு துவாவில் 1088ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு கிடைத்திருக்கிறது, திசையாயிரத்து ஐஞ்ஞூற்றுவர் என்ற வணிகக் குழு வெட்டியது. கற்பூரத்துக்காக வந்த வணிகர்களோடு மலைக்காரர்களுக்குப் பழக்கம் இருந்திருக்கும் என்பது நம்பக்கூடியது. அதைத் தாண்டி, ‘ராஜேந்திர சோழனின் படை வழி வந்தவர்கள்’ என்று மேடையில் முழங்குவதைக் குழு ஏற்கவில்லை, அதற்கு ஆதாரம் கிடையாது. நன்கொடை கேட்கப் போன இடங்களிலும் நாங்கள் அப்படிப் பேசவில்லை. ஊர்க்காரர்கள் தலைமுறைகளாகக் காரோ புராட்டஸ்டண்ட் சபையைச் சேர்ந்தவர்கள், சில கத்தோலிக்கக் குடும்பங்களும் உண்டு. அவர்களை எதிலும் ‘சேர்த்துக்கொள்ள’ நாம் போகவில்லை.

நம் உறவு இதைவிட எளிமையானது. நம் உறுப்பினர் குடும்பத்துப் பையன் ஒருவர் சில ஆண்டுகளுக்கு முன் அந்த ஊர்ச் செம்பிரிங் பெண்ணைக் கட்டினார். வெளியாள் பெண் கேட்டால் காரோ வழக்கப்படி முதலில் அவருக்கு ஒரு குலம் கொடுக்க வேண்டும். பெரும்பாலும் பெண்ணின் அத்தை புருஷனுடைய குலத்தில் சேர்ப்பார்கள். அதாவது மாப்பிள்ளை அத்தை மகனாகிவிடுகிறார், பெண் அவருக்கு மாமன் மகள். முறை சரியாகிவிட்டது! தாய்மாமனை அவர்களும் மாமா என்றுதான் கூப்பிடுகிறார்கள்.

பெண் கொடுத்தவர்கள் ‘கலிம்பூபு’, பெண் எடுத்தவர்கள் ‘அனாக் பெரு’. கலிம்பூபுவைக் கண்கண்ட தெய்வம் என்பார்கள், விசேஷத்தில் அவர்கள் பாயில் உட்கார்ந்து வெற்றிலை போடலாம். அனாக் பெருதான் விறகு வெட்ட வேண்டும், சோறு வடிக்க வேண்டும், பரிமாற வேண்டும், பாத்திரம் கழுவ வேண்டும். டாக்டராக இருந்தாலும் அதிகாரியாக இருந்தாலும் விலக்கில்லை. நாளைக்கு அவர் தன் பெண்ணைக் கட்டிக் கொடுத்த வீட்டில் அவர் கலிம்பூபு, அங்கே அவருக்குப் பாய் விரிப்பார்கள். நம் மாப்பிள்ளையின் வழியாக நாம் எல்லோரும் அந்த ஊருக்கு அனாக் பெரு ஆகிவிட்டோம் என்று ஊர்ப் பெரியவர்கள் சிரித்துக்கொண்டே சொன்னார்கள். சிரிப்பாகச் சொன்னாலும் பாதி நிஜமாகத்தான் சொன்னார்கள். தானம் கொடுக்கிறவர் மேலே, வாங்குகிறவர் கீழே என்று நமக்குப் பழக்கப்பட்ட கணக்கு அங்கே தலைகீழாகிவிட்டது. குழாய் கொண்டுபோன நாம்தான் ஏவலுக்கு நிற்கிறவர்கள், தண்ணீர் வாங்குகிறவர்கள் பாயில் உட்காருகிறவர்கள். குழுவுக்கு இது நிம்மதியாகவே இருந்தது. பெயர்ப்பலகை வைக்கும் பேச்சே எழவில்லை.

இனி வேலை விவரம்.

மோட்டார் போடலாமா, டீசல் எஞ்சின் போடலாமா என்று முதலில் பேசினோம். வாங்கிக் கொடுப்பது நமக்குச் சுலபம். மாதா மாதம் மின்கட்டணமும் டீசலும் ஊர் தலையில் விழும். தக்காளி விலை சரிந்த மாதத்தில் முதலில் நிற்பது மோட்டார்தான். அதனால் ஹைட்ராம் பம்பு என்று முடிவாயிற்று. 1796இல் பிரான்சில் மோங்கோல்ஃபியே சகோதரர்களில் மூத்தவர் தானாக இயங்கும்படி செய்த பழைய கருவி இது, வெப்பக்காற்று பலூனைப் பறக்கவிட்டவரும் அவரேதான். மின்சாரமும் எண்ணெயும் தேவையில்லை. ஊற்று நீரைச் சற்று உயரத்தில் தொட்டி கட்டித் தேக்கி, கனமான இரும்புக் குழாயில் வேகமாகக் கீழே விட வேண்டும். வேகம் பிடித்ததும் அடியில் இருக்கும் வால்வு படக்கென்று மூடிக்கொள்ளும். ஓடி வந்த நீர் போக வழியில்லாமல் முட்டி, இன்னொரு வால்வைத் திறந்துகொண்டு காற்றுக்கலத்துக்குள் ஏறி, அங்கிருந்து மேலே போகும். அழுத்தம் இறங்கியதும் முதல் வால்வு திறக்கும், மறுபடி ஓட்டம், மறுபடி அடி. நிமிடத்துக்கு ஐம்பது அறுபது தடவை ‘டொக், டொக்’ என்று இரவு பகலாக அடித்துக்கொண்டே இருக்கும். வருகிற நீரில் பத்தில் ஒரு பங்குதான் மேலே ஏறும், மிச்சம் ஓடைக்கே போய்விடும். ஒரு பங்குதானா என்று உதட்டைப் பிதுக்கியவர்கள் உண்டு. இருபத்துநான்கு மணி நேரமும் ஏறுகிறதே! விடிவதற்குள் தொட்டி நிரம்பிவிடுகிறது.

வேலை தொடங்கும் முன் ஊர் ‘ருங்கு’ கூடியது. ஜம்பூரில் பாய் விரித்து எல்லோரும் ஒத்துக்கொள்ளும்வரை பேசுகிற கூட்டம் இது. யார் நிலத்தின் வழியே குழாய் போவது, எத்தனை இடத்தில் திறப்பு வைப்பது, தேவாலயத்துக்குத் தனி இணைப்பு வேண்டுமா என்று பேசிப் பேசி நள்ளிரவாகியும் முடியாமல் மறுநாளும் தொடர்ந்தது. எங்களுக்குப் பொறுமை போனது உண்மை. ஆனால் அங்கே பேசித் தீர்த்த எதுவும் பிறகு தகராறாகவில்லை. ஊற்றில் கைவைக்கும் நாளில் ஒரு மூதாட்டி வெற்றிலை பாக்கு வைத்து ‘செந்தாபி’ என்று ஊற்றிடம் அனுமதி கேட்டார். அடுத்ததாகச் சபை மூப்பர் ஜெபம் செய்தார். ஒன்றுக்கொன்று முரண் என்று யாருக்கும் தோன்றவில்லை.

உழைப்பு முழுவதும் ஊருடையது. ‘ஆரோன்’ என்று ஒரு பழைய ஏற்பாடு உண்டு, இளைஞர்கள் குழுவாகச் சேர்ந்து ஒருவர் தோட்டத்தில் ஒரு நாள், அடுத்தவர் தோட்டத்தில் அடுத்த நாள் என்று முறை வைத்து உழைப்பது. இப்போது அந்தப் பெயர் கூலியாட்களுக்கே அதிகம் வழங்குகிறது. இந்த வேலைக்குப் பழையபடியே முறை வைத்து வந்தார்கள். மணல், சிமெண்டு, பம்பு எல்லாம் தோளில்தான் பள்ளத்துக்கு இறங்கின.

தாமதத்துக்கு இரண்டு காரணம். மேடானில் ஒரு கடை, கேட்ட கனத்துக்குப் பதில் மெல்லிய இரும்புக் குழாயை அனுப்பிவிட்டது. அடி வாங்கும் குழாய் அது, மெல்லியதாக இருந்தால் மரை பிய்ந்துவிடும். பிளாஸ்டிக்கும் கூடாது, நீரின் அடியை அதுவே வாங்கிக்கொள்ளும், மேலே ஏறாது. மாற்றி வாங்குவதற்குள் அறுவடை வந்துவிட்டது, அந்த நேரத்தில் ஆள் கேட்க முடியாது. அப்புறம் ஒரு பெருமழையில் ஓடை மணல் புகுந்து தேக்கத் தொட்டி அடைத்துக்கொண்டது. இப்போது முன்னால் ஒரு மணல் தொட்டியும் வலையும் கூடுதலாக வைத்திருக்கிறோம், செலவு கொஞ்சம் ஏறியது அதனால்தான்.

மிச்சப் பணத்தில் ஊரின் பழைய ‘சிவாலு ஜாபு’ வீட்டுக் கூரையில் ஒழுகும் பக்கத்தைச் சரிசெய்யக் கொடுத்தோம். எட்டுக் குடும்பம் ஒரே கூரையின் கீழ், இரண்டு குடும்பத்துக்கு ஓர் அடுப்பு என்று வாழ்ந்த பெரிய மர வீடு அது. ஆணி கிடையாது. சுவர்ப் பலகைகளைக் கயிற்றால் பல்லி வடிவில் தைத்திருப்பார்கள், கூரை முகட்டில் எருமைக் கொம்பு. 1947இல் டச்சுப் படை நெருங்கியபோது காரோ மக்கள் தங்கள் ஊர்கள் பலவற்றைத் தாங்களே கொளுத்திவிட்டு வெளியேறினார்கள், தப்பிய வீடுகள் சில. கூரைக்கு வேண்டிய சர்க்கரைப் பனையின் கருப்பு நாரை முறையாக வேயத் தெரிந்தவர்கள் குறைந்துவிட்டார்கள், வேயப்பட்ட பக்கத்தில் நான்கு இளைஞர்கள் கூட நின்று கற்றுக்கொண்டார்கள். இதற்குப் பொதுக்குழுவில் தனி ஒப்புதல் வாங்கவில்லை. ஆட்சேபம் இருப்பவர்கள் செயலாளரிடம் சொல்லலாம்.

திறப்பு நாளில் விருந்து. நம்மவர்கள் அனாக் பெரு என்பதால் அடுப்படியில்தான் நின்றோம். பன்றி இறைச்சி இருந்தது, மாட்டு இரைப்பைச் சாறும் இருந்தது. சைவக்காரர்களுக்கென்று கிழங்கும் கீரையும் தனிச் சட்டியில் வைத்தார்கள். தேங்காயும் பனைவெல்லமும் வைத்து இலையில் மடித்து அவித்த ‘சிம்பா’வை மட்டும் எல்லோரும் இரண்டாம் முறை கேட்டு வாங்கினார்கள்.

பராமரிப்புக்கு ஊரில் ஐந்து பேர், அதில் மூவர் பெண்கள். வாரம் ஒருமுறை வலையைச் சுத்தம் செய்வதும், காற்றுக்கலத்தில் காற்று குறைந்தால் நீரை வடித்து மறுபடி காற்று நிரப்புவதும் அவர்கள் பொறுப்பு. தேயும் பாகம் வால்வு ரப்பர் ஒன்றுதான், பழைய டயரிலேயே வெட்டிக்கொள்ளலாம் என்று இரண்டு பேருக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறோம். வீட்டுக்கு ஒரு சிறு தொகை மாதச் சந்தா, அதை ஊரே வைத்துக்கொள்ளும். நம் சங்கம் அதில் தலையிடாது.

அறுவடை விழாவான ‘கெர்ஜா தாவுன்’ வரும்போது நம் எல்லோருக்கும் அழைப்பு உண்டு. வர விரும்புகிறவர்கள் செயலாளரிடம் பெயர் கொடுங்கள், பேருந்து ஏற்பாடு செய்ய வேண்டும். ஸ்வெட்டர் கொண்டு வாருங்கள். பாத்திரம் கழுவ மனமில்லாதவர்கள் முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது.

இப்படிக்கு,
திருப்பணிக் குழு