அந்த முறுக்குச் செடியைத் தோண்ட வேண்டாம், மகள்

அன்பு மகளுக்கு,

நீ அனுப்பிய படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தேன். வீட்டை விற்றவர்கள் பின் வளவில் விட்டுப்போன செடிக்கு ஏதோ நோய் பிடித்துவிட்டது, இலையெல்லாம் சுருண்டு கிடக்கிறது, அடுத்த கிழமை தோண்டி எறியப் போகிறோம் என்று எழுதியிருக்கிறாய். தோண்டாதே. அது நோய் இல்லை. அது கார்க்ஸ்க்ரூ ஹேசல், சாக்லேட்டில் போடுகிறார்களே ஹேசல்நட், அந்த இனம்தான், ஆனால் இதன் கிளை ஒரு விரல் நீளத்துக்குக்கூட நேராகப் போகாது, இலையும் சுருங்கிக் கோணிக்கொண்டுதான் வரும். கோடையில் பார்க்கிற யாருக்கும் இதன் மேல் ஆசை வராது, உண்மைதான். இலை கொட்டட்டும், அப்புறம் பார்.

1860களில் குளோஸ்டர்ஷயரில் ஃப்ரோஸ்டர் என்கிற ஊர்ப்பக்கம் ஒரு வேலிப் புதரில் இப்படி முறுக்கிக்கொண்டு நின்ற ஒரு செடியைக் கண்டெடுத்தார்கள். யாரும் திட்டமிட்டு உருவாக்கியது இல்லை, தானாக வந்தது. இங்கே என்ஃபீல்டில் மிடில்டன் ஹவுஸ் தோட்டத்துக்குச் சின்ன வயதில் உன்னைக் கூட்டிப்போயிருக்கிறோம், அந்தத் தோட்டத்தை வளர்த்த பௌல்ஸ் என்பவர் விசித்திரமாக வளரும் செடிகளுக்கென்றே ஒரு மூலையை ஒதுக்கி வைத்திருந்தார், அதில் முதலில் குடியேறியதே இந்த ஹேசல்தான். அமெரிக்காவில் இதை ஹாரி லாடரின் கைத்தடி என்பார்கள். லாடர் உன் எடின்பரோக்காரர், போர்ட்டபெல்லோவில் 1870இல் பிறந்தவர், நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை செய்துவிட்டுப் பாட்டுக்காரராகி உலகம் சுற்றியவர், கோணல் தடி ஒன்றைப் பிடித்துக்கொண்டுதான் மேடையில் நிற்பார். அவருடைய ஒரே மகன் 1916இல் போரில் இறந்துபோனான். அதற்குப் பிறகும் அந்த மனிதர் மேடை ஏறிப் பாடினார் என்பதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் மனசு கனக்கும். நீ கடற்கரைக்குப் போகிற அந்தப் போர்ட்டபெல்லோதான், மகள்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். உன் மூன்றாவது படத்தில் செடியின் நடுவில் நேராக, வழவழவென்று, பெரிய இலையோடு உயரமாக நிற்கும் தடிகளைப் பார்த்தாயா? அவைதான் நல்ல ஆரோக்கியமான பகுதி, மற்றது வாடிப்போனது என்று மருமகன் நினைத்திருக்கிறார். அப்படியே நேர்மாறு. கடைகளில் விற்கும் கார்க்ஸ்க்ரூ ஹேசல் பெரும்பாலும் ஒட்டுச்செடி, அடியில் சாதாரண ஹேசலின் வேர், மேலே இந்த முறுக்குக் கிளை. ஊரில் உன் தாத்தா கறுத்தக்கொழும்பான் ஒட்டுமாவில் ஒட்டுக்குக் கீழே துளிர்க்கிறதை எல்லாம் கிள்ளி எறிவாரே, அதே வேலைதான் இதற்கும். அடியிலிருந்து வரும் நேர்த்தடி வேகமாக வளரும், முறுக்குக் கிளையோ மெதுவாக வளரும், விட்டுவைத்தால் வேர் எடுக்கும் சத்தெல்லாம் நேரானதற்கே போய்ச் சில வருடங்களில் வெறும் ஹேசல் புதர்தான் மிஞ்சும். உன் செடி அந்த வழியில் பாதித் தூரம் போய்விட்டது, ஆனால் மீட்கலாம்.

நேர்த்தடியை நிலமட்டத்தில் வெட்டிவிட்டு வந்துவிடாதே, வெட்டின இடத்தில் இன்னும் நாலு முளைக்கும். மண்ணைக் கையால் விலக்கி அது எங்கே பிறக்கிறது என்று பார், இளசாக இருந்தால் அந்த இடத்திலேயே பிடித்துக் கிழித்தெடு, தடித்துப்போயிருந்தால் சின்ன வாளால் வேரோடு ஒட்டி அறுத்துவிடு. மழை பெய்து மண் இளகியிருக்கும் நாளாகப் பார்த்துச் செய்தால் கை நோகாது. ஒருமுறையோடு தீராது, ஒவ்வொரு வருடமும் பார்க்க வேண்டும். முறுக்குக் கிளையை இப்போது தொடாதே, காய்ந்த கிளையோ ஒன்றோடொன்று உரசும் கிளையோ இருந்தால் குளிர்காலக் கடைசியில் எடுக்கலாம். உரம் வாங்கிக் கொட்ட வேண்டியதும் இல்லை. தண்ணீர் தேங்காத மண், ஓரளவு வெயில், அடியில் இலைமக்கு, அவ்வளவு போதும். மூன்று மீட்டர் உயரம் போகவே பல வருடம் பிடிக்கும், அதனால் ஜன்னலை மறைத்துவிடும் என்கிற கவலையும் வேண்டாம்.

பிப்ரவரி வாக்கில் வெறும் கிளையில் மஞ்சள் பூச்சரங்கள் தொங்கும், அது ஆண்பூ. பெண்பூ மொட்டு நுனியில் சிவப்பு நூல் மாதிரி எட்டிப் பார்க்கும், கிட்டப் போய்த் தேடினால்தான் தெரியும். அங்கே குளிர் அதிகம் என்பதால் கொஞ்சம் பிந்தலாம். ஸ்கொட்லாந்தின் அந்த இருட்டு மாதங்களில் காலையில் தேத்தண்ணீரோடு நீ நிற்கிற சமையலறை ஜன்னலுக்கு நேரே அது நிற்கிறது என்பதுதான் எனக்குப் பெரிய சந்தோஷம். ஒரு கிளையை வெட்டி ஜாடியில் வைத்தால் வீட்டுக்குள்ளேயே பூச்சரம் விரியும், ஆனால் உனக்கு மகரந்தம் ஒத்துக்கொள்ளாது, ஹேசல் மகரந்தம் பொல்லாதது, அதனால் நீ வைக்க வேண்டாம். எனக்கு ஒன்று எடுத்து வை, நான் வரும்போது கொண்டுபோகிறேன். விதை போட்டால் இந்த முறுக்கு அப்படியே வரும் என்று நம்ப முடியாது, ஆகவே தாழ்ந்த கிளை ஏதும் இருந்தால் மண்ணில் வளைத்துப் பதியம் போட்டுப் பார்க்கலாம். பதியம் தன் சொந்த வேரில் நிற்கும், இந்த நேர்த்தடித் தொல்லையே இருக்காது. அந்தக் கன்றை இங்கே அப்பாவின் வாசல் பக்கம் வைக்கலாம்.

சனிக்கிழமை மண்ணை விலக்கியதும் அடிப்பக்கத்தை ஒரு படம் எடுத்து அனுப்பு. எதை அறுப்பது என்று நான் பார்த்துச் சொன்ன பிறகு வாளை எடுங்கள்.

அன்புடன்,
அம்மா