உற்பத்தி கூடியது, மாவுக்கு எவ்வளவு கண்டது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற வாரம் தங்கள் நாளிதழின் மாவட்டப் பக்கத்தில் 'நெல் உற்பத்தி அதிகரிப்பு' என்ற தலைப்பைப் பார்த்து எங்கள் ஊர் டீக்கடையில் பெரிய வாக்குவாதமே நடந்தது. "மாவுக்கு எட்டு மூட்டைகூடக் காணலை, அதிகரிப்புன்னு போட்டிருக்காங்களே" என்று பக்கத்து வயல்காரர் கொதித்துப் போனார். (மா என்பது எங்கள் பக்கத்து நில அளவு, ஏறக்குறைய மூன்று மா ஓர் ஏக்கர்.) செய்தியில் பொய் இல்லை. உற்பத்தி என்ற சொல்லை மகசூலுக்கும் சேர்த்துப் புழங்குவதால் வந்த வினை இது.

உற்பத்தி என்பது மாவட்டம் முழுக்க விளைந்த நெல்லின் மொத்தம். ஏக்கருக்கு எவ்வளவு கண்டது என்பதே மகசூல். 100 ஏக்கரில் 30 மூட்டை வீதம் கண்டால் 3,000 மூட்டை. மறுவருடம் 130 ஏக்கரில் நட்டு, அறுப்பு நேரத்து மழையில் கதிர் சாய்ந்து, 25 மூட்டை வீதமே கண்டாலும் மொத்தம் 3,250 மூட்டை. உற்பத்தி கூடிவிட்டது, ஆனால் ஒவ்வொரு விவசாயிக்கும் ஏக்கருக்கு 5 மூட்டை போய்விட்டது.

பயிர்க் காப்பீட்டு இழப்பீடு மகசூலைப் பார்த்தே கணக்கிடப்படுகிறது. வருவாய்க் கிராமத்தில் தேர்வான வயலில் 5 மீட்டருக்கு 5 மீட்டர் கயிறு கட்டி, அந்தச் சதுரத்தை மட்டும் அறுத்து எடை போடுவார்கள். எங்கள் வயலில் ஒருமுறை இது நடந்தபோது கூடவே நின்றேன். நான்கு மூலையிலும் முளை அடித்து, ஓரத்துத் தூர் ஒவ்வொன்றும் கயிற்றுக்கு உள்ளே நிற்கிறதா வெளியே நிற்கிறதா என்று குனிந்து குனிந்து பார்த்தார்கள். தார்ப்பாயில் அடித்து, தூற்றி, சிதறிய மணிகளையும் கூட்டி அள்ளித் தராசில் போட்டார்கள். 25 சதுர மீட்டர் என்பது ஹெக்டேரில் 400-ல் ஒரு பங்கு. அங்கே ஒரு கிலோ குறைந்தால் ஹெக்டேருக்கு 400 கிலோ குறைவாகக் கணக்காகும். அவ்வளவு நுணுக்கமாக அளக்கப்படும் ஒன்றைத் தலைப்பில் 'உற்பத்தி' என்று பொத்தாம்பொதுவாகப் போட்டால், "அமோக விளைச்சல் ஆச்சே, உங்களுக்கு எதுக்கு இழப்பீடு?" என்று நகரத்து உறவினர்கள் எங்களைக் கேட்கிறார்கள்.

கொள்முதல் நிலையத்துக்கு வந்த மூட்டைக் கணக்கையும் சில செய்திகளில் உற்பத்தி என்றே எழுதுகிறார்கள். விதைநெல்லும், வீட்டுச் சாப்பாட்டுக்கு வைத்த நெல்லும், வியாபாரியிடம் போன நெல்லும் அதில் சேராது.

உற்பத்தி என்ற சொல்லின் மேல் எனக்கு எந்த வருத்தமும் இல்லை. வடமொழியில் அதற்குப் பிறத்தல், தோன்றுதல் என்று பொருள். காவிரி தலைக்காவிரியில் உற்பத்தியாகிறது என்று பள்ளியில் படித்தது அந்தப் பொருளில்தான். தேங்கிய நீரில் கொசு உற்பத்தியாகிறது என்று நகராட்சி எச்சரிப்பதும் அதே பொருளில். இவை தாமாக 'ஆகின்றன'. ஆலையில் நூலும் சிமென்ட்டும் உற்பத்தி 'செய்கிறோம்'. நெல்லை அப்படி யாரும் ஊரில் சொல்வதில்லை. அது விளைகிறது. வேதாரண்யத்து உப்பளத்தில் உப்பும் விளைகிறது. நாட்டுக்கு இலக்கணம் சொல்லும் வள்ளுவர் 'தள்ளா விளையுள்' என்றார் (731). 738-ஆம் குறளில் அவர் 'விளைவு' என்றதும் விளைச்சலைத்தான். அந்த விளைவு இன்று மருந்துச் சீட்டில் 'பக்க விளைவு' ஆகிவிட்டது.

மகசூல் அரபியிலிருந்து வந்தது. நிலவரிக் கணக்கு வழியாக நுழைந்து இன்று எங்கள் சொல்லாகவே ஆகிவிட்டது. எனக்கு இவற்றில் மிகவும் பிடித்தது கண்டுமுதல். களத்தில் அடித்து, தூற்றி, அளந்து, கையில் கண்ட நெல். என் தந்தை கடைசி வரை விளைச்சல் எப்படி என்று கேட்டதில்லை, "கண்டுமுதல் என்ன?" என்றுதான் கேட்பார். வயலில் பச்சையாக நிற்பதை அவர் நெல் கணக்கில் சேர்த்ததே இல்லை.

வரும் சம்பா அறுவடைச் செய்தியில் மொத்த உற்பத்தியோடு சாகுபடிப் பரப்பையும் ஏக்கர் மகசூலையும் பக்கத்திலேயே அச்சிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்,
மன்னார்குடி வட்டம்.