கோங்க் ஊரார் ஒளித்து வைத்த பொன்

அன்பு மகளுக்கு,

உனக்குப் பத்து வயதாக இருந்தபோது நாம் மூவரும் தெற்குப் பிரான்சின் துலூஸிலிருந்து காரில் போன கோங்க் கிராமத்துக்கு, சென்ற வாரம் நான் தனியாகப் போய் வந்தேன். அன்று அங்கே புனித ஃபுவாவின் பொன் சுரூபத்தின் முன்னால் நின்றுகொண்டு, "இது யாருடையது, அப்பா?" என்று கேட்டாய். கோயிலுடையது என்று சொல்லி உன்னை வெளியே அழைத்துப் போய்விட்டேன். அந்தப் பதில் போதாது என்பது இத்தனை ஆண்டுகளாக என் மனத்தில் கிடக்கிறது.

புனித ஃபுவா, ரோமர் காலத்தில் அஜென் நகரத்தில் வேதசாட்சியாக, அதாவது கிறிஸ்தவ விசுவாசத்துக்காக, மரித்த ஒரு சிறுமி. அவளுடைய எலும்புகளும் அஜெனில்தான் இருந்தன. 9-ஆம் நூற்றாண்டில் கோங்க் மடத்துத் துறவி ஒருவர் அங்கே போய், ஆண்டுக்கணக்கில் தங்கி, எல்லாருடைய நம்பிக்கையையும் பெற்றபின் அவற்றை எடுத்துக்கொண்டு வந்துவிட்டார் என்பது மடத்தின் சொந்த வரலாறே சொல்லும் செய்தி. அது திருட்டுத்தான், அதை உன்னிடம் மறைக்க நான் விரும்பவில்லை. ஆனால் அதன்பிறகுதான், லெ ப்யூயி நகரத்திலிருந்து ஸ்பெயினிலுள்ள, இயேசுவின் சீடரான சந்தியாகப்பரின் கல்லறைக்கு நடந்து போகும் திருப்பயணிகள், தூர்து ஆற்றுக்கு மேலே மலைச்சரிவில் ஒதுங்கிக் கிடந்த இந்தச் சிற்றூரில் தங்கிப் போகத் தொடங்கினார்கள். 11-ஆம் நூற்றாண்டில் இப்போதுள்ள பெரிய கோயிலும் எழும்பத் தொடங்கியது.

சுரூபம் மரத்தில் செய்து பொன் தகடு போர்த்தியது. தலை மட்டும் உடலைவிடப் பல நூற்றாண்டுகள் பழமையானது. அதில் பதித்திருக்கும் கற்கள் பலவும் நூற்றாண்டுகளாக வந்தவர்கள் கொடுத்த காணிக்கைகள். ஆன்ஜே நகரத்துப் பள்ளி ஆசிரியர் பெர்னார், 1013-ஆம் ஆண்டில் முதன்முறை வந்தபோது இதைப் புறச்சமயத்தாரின் விக்கிரகம்போல எண்ணி இகழ்ந்தார். பின்னர் மனம் மாறி, புனிதை செய்த அற்புதங்களைத் தாமே கேட்டறிந்து எழுதி வைத்தார். சிறையிலிருந்து விடுபட்டவர்கள் தங்கள் விலங்குகளைக் கொண்டுவந்து நேர்த்திக்கடனாகச் செலுத்தினார்கள் என்பதும், பீடத்தைச் சுற்றியுள்ள இரும்புக் கிராதி அந்த விலங்குகளை உருக்கிச் செய்தது என்பதும் ஊரார் வழிவழியாகச் சொல்லி வருவது. நான் கிராதியை வெகுநேரம் தொட்டுக்கொண்டு நின்றேன்.

நீ கேட்ட கேள்விக்கு உண்மையான பதில் பிரெஞ்சுப் புரட்சியின்போது நடந்ததில் இருக்கிறது. நாடெங்கும் கோயில்களின் பொன்னையும் வெள்ளியையும் அரசு பறித்து உருக்கிய அந்த நாட்களில், கோங்க் மக்கள் தங்கள் கோயிற் பொருட்களைப் பங்கிட்டு எடுத்துக்கொண்டு போய்த் தங்கள் வீடுகளில் மறைத்து வைத்தார்கள். ஆபத்து நீங்கியதும் அவற்றைக் கொண்டுவந்து திருப்பிக் கொடுத்தார்கள். செழிப்பான ஊர் அல்ல, மகளே. ஒரு கல்லைப் பெயர்த்து விற்றிருந்தாலும் ஒரு குடும்பத்தின் பல மாதப் பாடு தீர்ந்திருக்கும். மேற்கு ஐரோப்பாவில் இத்தகைய சுரூபங்களில் எஞ்சியிருக்கும் மிகப் பழமையானவற்றுள் ஒன்றை இன்று நாம் பார்க்க முடிவதற்கு அந்த வீட்டுக்காரர்கள்தாம் காரணம். அது அவர்களுடையது என்று அன்றே நான் சொல்லியிருக்க வேண்டும்.

கோயில் கட்டடமோ பராமரிப்பின்றி இடிந்துவிடும் நிலைக்கு வந்தது. 1837-இல் வரலாற்றுச் சின்னங்களின் ஆய்வாளராக வந்த மெரிமே அதைக் கண்டு வியந்து அரசுக்கு அறிக்கை எழுதியபின்தான் பழுதுபார்க்கும் வேலைகளுக்கு வழி பிறந்தது. பக்கத்து ரொடேஸ் நகரத்தில் பிறந்த ஓவியர் சூலாஜ் செய்த 104 சாளரங்கள் 1994 முதல் அங்கே இருக்கின்றன. வண்ணமே இல்லாத அந்தக் கண்ணாடி நமக்கு முதலில் ஏமாற்றமாக இருந்தது. இம்முறை காலை முதல் மாலை வரை இருந்து பார்த்தேன், நேரத்துக்கு நேரம் அதன் நிறம் மாறிக்கொண்டே இருந்தது.

வாசலுக்கு மேலே, உலக முடிவில் கடவுள் எல்லாருக்கும் வழங்கும் பொதுத்தீர்வையைச் செதுக்கிய கல்லில், வளைவின் ஓரத்தைத் திரைபோலப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்க்கும் சின்ன முகங்களை எண்ணத் தொடங்கி, மழை வந்ததால் பாதியில் விட்டுவிட்டாயே, நினைவிருக்கிறதா? நான் அவற்றை வேண்டுமென்றே எண்ணாமல் வந்தேன். கோடையில் பேரனை அழைத்துக்கொண்டு வா. அவன் எண்ணட்டும்.

அன்புடன்,
அப்பா